புதுப்பிப்பு: பணம் கேட்ட இதழுக்குக் கட்டுரையைக் கொடுக்கவில்லை

முதியோர் பராமரிப்பு பற்றிய என் சமூகப்பணிக் கட்டுரையை ஒரு இதழ் மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டு பணம் கட்டச் சொல்கிறது, கட்டலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கட்டவில்லை. மதிப்பாய்வு என்று வந்ததே 'நல்ல கட்டுரை' என்ற ஒரு வரிதான், மனசு ஒப்பவில்லை. நீங்கள் சொன்னபடி டிஓஏஜே என்ற, எல்லோரும் இலவசமாகப் படிக்கக்கூடிய தரமான ஆய்விதழ்களின் இணையப் பட்டியலில் தேடினேன், அந்த இதழ் அதில் இல்லை.

அப்புறம்தான் தெரிந்தது, 1971 முதல் வரும் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சோஷியல் வொர்க் மாதிரியான இதழ்களில் சந்தா வழியில், அதாவது படிப்பவர்களோ நூலகங்களோ பணம் கட்டும் முறையில், வெளியிட எழுதுபவர் பணம் கட்ட வேண்டியதில்லை, எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவிட்டால்தான் கட்டணம். ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்பவர்கள் தயவுசெய்து அந்தச் செலவையும் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள், நான் விட்டுவிட்டேன். இப்போது கட்டுரையின் ஆய்வுமுறைப் பகுதியைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.