செம்பை எடுப்பதா, ஏற்றுவதா? நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

தொடங்கியவர்

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று உறுதியான வாரமே அத்தை ஒரு புதுச் செப்புக்குடத்தோடு வந்து இறங்கினார். இரவில் ஊற்றி வைத்த தண்ணீரைக் காலையில் குடித்தால் கட்டி கரையும் என்பது அவர் நம்பிக்கை. செம்புதான் புற்றை வளர்க்கிறது என்று கைப்பேசியில் வந்த செய்தியை அண்ணன் காட்டினார். இரண்டையும் மருத்துவரிடம் சொன்னேன். நம் உடலில் உள்ள செம்பு மொத்தமே ஏறத்தாழ 100 மில்லிகிராம்தான் என்றும், நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே தேவைப்படுகிறது என்றும், அது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடுகிறது என்றும் விளக்கிய அவர், குடத்தை நம்பிக் கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம், மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் அதில் ஊற்ற வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். "செம்பை வைத்துச் சிகிச்சை செய்யும் முயற்சிகள் உண்மையிலேயே நடக்கின்றன, அது வேறு கதை" என்று போகிற போக்கில் சொன்னார். அந்த வேறு கதையை அருகிலிருந்து பார்த்தவர்கள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வில்சன் நோயாளி ஒருவரின் அக்கா

என் தம்பிக்குப் பதினாறு வயதில் கையெழுத்து கோணிப்போயிற்று. அக்கறையின்மை என்று பள்ளியில் திட்டினார்கள். நாங்களும் அதையே நம்பினோம். கை நடுக்கம் கூடிய பிறகு கண் மருத்துவர் ஒருவர்தான் கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் ஒன்றைக் கண்டுபிடித்தார். உபரிச் செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்ற வேண்டிய ஏடிபி7பி என்ற புரதம் பழுதாகப் பிறப்பவர்களுக்குச் செம்பு முதலில் கல்லீரலிலும், பிறகு மூளையிலும் கண்ணிலும் படிகிறது. 1912இல் கின்னியர் வில்சன் விவரித்த நோய் இது. செம்பை வெளியேற்றும் பெனிசிலமைன் மாத்திரையில் தொடங்கி, இப்போது செம்பு உடலில் சேராமல் தடுக்கும் துத்தநாக மாத்திரையில் தம்பி நலமாக இருக்கிறான்.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வில்சன் நோயாளிகளுக்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் புரூவர் பயன்படுத்திய, செம்பைப் பிடித்துக் குறைக்கும் டெட்ராதயோமாலிப்டேட் என்ற மருந்தைத்தான் பின்னாளில் புற்றுநோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி வளரப் புது இரத்தக்குழாய்கள் வேண்டும், அவை முளைக்கச் செம்பு வேண்டும், ஆகவே செம்பைக் குறைத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்பது கணக்கு. இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதம் பழைய அளவில் ஐந்தில் ஒரு பங்காக இறங்கும்வரை மருந்து கொடுத்தார்கள். நியூயார்க்கில் நோய் திரும்பும் அபாயம் மிகுந்த 75 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் இதைச் சோதித்தபோது முடிவுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் அது ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனை என்பதால், அந்த நம்பிக்கையை நான் ஒரு கைப்பிடி குறைத்தே எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வக உறுப்பினர்

சகோதரி எழுதியது செம்பை எடுக்கும் வழி. நான் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் இருந்தபோது பார்த்தது செம்பை ஏற்றும் வழி.

எலஸ்க்ளோமால் என்ற மருந்து தன் தோளில் செம்பைச் சுமந்து செல்லுக்குள், அதிலும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள், கொண்டுபோய் இறக்கிவிடும். ஒரே புற்றுநோய்ச் செல்களை இரண்டு தட்டுகளில் வளர்த்து, ஒன்றுக்குக் குளுக்கோஸும் மற்றதற்குக் கேலக்டோஸும் கொடுத்தேன். குளுக்கோஸை நொதிக்க வைத்தே பிழைப்பு நடத்தும் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேலக்டோஸ் தட்டில் மைட்டோகாண்ட்ரியாவையே நம்பியிருந்த செல்களோ, அதே அளவு மருந்துக்குக் கூண்டோடு மடிந்தன. தட்டுகளை மாற்றிவிட்டேனோ என்று மூன்று முறை செய்து பார்த்தேன்.

காரணம் 2022இல் பீட்டர் ஸ்வெட்கோவும் டாட் கோலப்பும் உள்ளிட்ட குழுவினர் வெளியிட்ட ஆய்வில் தெளிவாயிற்று. மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் சுழற்சியை நடத்தும் சில நொதிகளின் மேல் லிபோயிக் அமிலம் ஒட்டியிருக்கும். அளவுமீறிய செம்பு அதைப் பற்றிக்கொண்டு அந்த நொதிகளைக் கட்டிகட்டியாகத் திரளவைக்க, செல் மடிகிறது. இதற்குத் துணைபோகும் புரதம் எஃப்டிஎக்ஸ்1. இந்தச் சாவுக்கு அவர்கள் வைத்த பெயர் குப்ரோப்டோசிஸ். வேடிக்கை என்னவென்றால், அதே மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் ஆக்சிஜனைத் தண்ணீராக்கும் கடைசி நொதி செம்பில்லாமல் ஓடவே ஓடாது.

இந்த மருந்துக்கு ஒரு கசப்பான முன்கதையும் உண்டு. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கொண்ட 651 பேரிடம் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துச் சோதித்தபோது, மருந்து பெற்ற குழுவில் இறப்பு கூடியதால் 2009 பிப்ரவரியில் சோதனையை நிறுத்திவிட்டார்கள். இரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதியின் அளவு இயல்பாக இருந்தவர்களிடம் மட்டும் சிறிது பயன் தென்பட்டது. எல்டிஎச் மிகுவது பெரும்பாலும் நொதித்தலை நம்பும் கட்டியின் அடையாளம் என்பதை என் இரண்டு தட்டுகளோடு சேர்த்துப் பார்த்தால், மருந்தை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று தெரியாமலே கொடுத்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கைவிடப்பட்ட அதே மருந்து, செம்பு போதாமல் குழந்தைகள் இறக்கும் மெங்கஸ் நோயை ஒத்த நோய் கொண்ட எலிக்குட்டிகளைப் பிழைக்கவைக்கிறது என்று டெக்சாஸில் விஷால் கோஹிலின் குழு 2020இல் காட்டியது.

ஸ்கேன் பிரிவில் பணியாற்றுபவர்

என் பங்கு சிறியது. செம்பு-64 என்ற கதிரியக்கச் செம்பை ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளைத் தேடும் பெட் ஸ்கேனுக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதித்தார்கள். முன்பு கேலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்தியபோது 68 நிமிடத்தில் பாதி தீர்ந்துவிடும். நோயாளியின் வண்டி நெரிசலில் சிக்கினால் எங்களுக்கு உயிர் போய்வரும். செம்பு-64க்கு அந்த அரையாயுள் 12.7 மணி நேரம். இங்கே செம்பு கட்டியை எதுவும் செய்வதில்லை, இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர்

மூளைக்கட்டி திரும்பிவந்த ஒருவரின் மகன், குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையை எழுதித் தருமாறு கேட்டு வந்தார். அவர் படித்தது பொய்யன்று. அந்த மாத்திரை உடலில் சிதைந்து செம்போடு சேர்ந்து, செல்லின் புரதக் கழிவை அகற்றும் ஏற்பாட்டை முடக்குகிறது என்று 2017இல் காட்டப்பட்டது. ஆனால் ஸ்வீடனிலும் நார்வேயிலும் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டி திரும்பிவந்த நோயாளிகள் 88 பேரிடம், கீமோவுடன் இந்த மாத்திரையையும் செம்பையும் சேர்த்துக் கொடுத்தபோது ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுகளே கூடின. அதைச் சொல்லி மறுத்தேன்.

இரத்தத்தில் செம்பின் அளவையாவது பார்க்கலாமா என்று கேட்டார். செருலோபிளாஸ்மின் உடலில் எந்த அழற்சி வந்தாலும் ஏறும். காய்ச்சலுக்கும் ஏறும், கட்டிக்கும் ஏறும், அதோடு செம்பின் அளவும் ஏறிக் காட்டும். அந்த எண்ணை வைத்து என்னால் எந்த முடிவும் எடுக்க முடியாது என்றேன். எப்படியோ வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்தில் அப்பாவுக்கு எடுத்துக்கொண்டு, "கூடுதலாக இருக்கிறது, டாக்டர்" என்று மறுவாரம் தாளை நீட்டினார். அவருடைய அப்பாவுக்கு அந்த வாரம் சளிக்காய்ச்சல்.