தோசைக்கல்லை மறுபடி பழக்குவது எப்படி?

வணக்கம். இரண்டு மாதம் முன்பு 12 அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல் வாங்கினேன். ஒரு கையால் தூக்க முடியாத கனம். அரிசி களைந்த தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவிக் காய்ச்சி, வெங்காயம் வதக்கி, ஒருவழியாகப் பழக்கிவிட்டேன். தோசை ஓரம் தானாகவே எழும்பி வரும். அவ்வளவு அழகு!

போன வாரம் என் வீட்டுக்காரர், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, புளி மசாலா தடவிய மீனை அதில் வறுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டுவிட்டார். காலையில் பார்த்தால் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு போய்ச் சாம்பல் நிறம், ஓரமெல்லாம் செந்துரு. துருவை உப்பும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டேன். அப்புறம் எண்ணெய் தடவிக் காயவைத்தால் மேலே பிசுபிசுவென்று நிற்கிறது. எண்ணெய் அதிகமா, சூடு போதவில்லையா? மாவு ஊற்றினால் நடுவில் மட்டும் பிய்ந்து வருகிறது.

முழுவதும் சுரண்டி முதலிலிருந்து தொடங்கவா, அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதுமா? சப்பாத்திக்கு வேறு கல் வேண்டும் என்கிறார் அம்மா, அதுவும் உண்மையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அரைத்த மாவு புளித்துக்கொண்டிருக்கிறது.