எஃகைத் தாளிக்கலாமா? – கலைச்சொல் உதவி

அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்வழியில் இயந்திரவியல் படிக்கும் மாணவர் ஒருவரின் ஆய்வகக் குறிப்பேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'பிறகு எஃகை 300 பாகையில் ஒரு மணி நேரம் தாளிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். டெம்பரிங் என்றால் என்ன என்று கைப்பேசியிடம் கேட்டிருக்கிறார், அது கடுகு உளுத்தம்பருப்போடு வந்து நின்றிருக்கிறது. சிரிப்பு வந்தது, ஆனால் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என் கையில் உள்ள கையேட்டில் குவென்ச்சிங், டெம்பரிங், அனீலிங் மூன்றுக்கும் ஒரே சொல்: பதப்படுத்தல். அண்ணா பல்கலைக்கழகத்தில் தமிழ்வழிப் பொறியியல் 2010இல் தொடங்கியது. என் வகுப்பில் இன்னும் இந்தக் குழப்பம் தீரவில்லை.

பொருளறிவியல் படிக்காதவர்களுக்காக: 0.8 விழுக்காடு கரி (கார்பன்) உள்ள எஃகை 727 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரில் விட்டால், கரி அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. எஃகு கடினமாகிவிடும், ஆனால் தட்டினால் தெறிக்கும். அது குவென்ச்சிங். அதையே 150 முதல் 650 பாகைக்குள் மறுபடி சூடாக்கினால் கடினம் கொஞ்சம் குறைந்து, உடையாத தன்மை வரும். அது டெம்பரிங். காய்ந்த துண்டை வெளியே எடுக்காமல், உலையை அணைத்துவிட்டு ராத்திரி முழுக்க உள்ளேயே கிடக்கவிட்டால் அனீலிங்.

என் பரிந்துரை: தணித்தல், பதனிடல், உலையாற்றல்.

---

> தணித்தல், பதனிடல், உலையாற்றல்

ஐயா, மூன்றுமே இடிக்கின்றன. பதனிடல் என்றால் வாணியம்பாடிக்காரர் தோலைத்தான் நினைப்பார். உலையாற்றல் என்று தேர்வில் கேட்டால் பாதிப் பேர் உலையின் எனர்ஜியைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். 'உலையில் ஆறவிடல்' என்று பிரித்தே எழுதலாமே, என்ன குறைந்துவிடும்? தணித்தலில் தாகமும் கோபமும் தணிகின்றன, எஃகு கடினமாவது தெரியவில்லை.

கொல்லுப்பட்டறையில் இதற்குச் சொல் இருக்கிறது: துவைச்சல். தோய்ச்சல் என்றும் சொல்வார்கள். 'அருவாளுக்குத் துவைச்சல் போடணும்' என்று எங்கள் பக்கம் இன்றும் பேச்சில் உண்டு. பழுக்கக் காய்ந்த இரும்பு குடித்த நீரை மீட்க முடியாது என்று புறநானூற்றின் 21ஆம் பாட்டிலேயே உவமை வருகிறது. அங்கே தோய்ப்பவரும் கொல்லர்தான். நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, குவென்ச்சிங், டெம்பரிங் இரண்டுக்கும் துவைச்சல் போதும்.

---

அம்மா, ஆறவிடலை ஏற்றுக்கொள்கிறேன். துவைச்சலில்தான் ஒரு சிக்கல்.

பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். கொல்லர் அருவாளின் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் வைத்து எடுக்கிறார். முதுகில் இன்னும் சூடு இருக்கிறது. வாயைக் கல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, கண் எடுக்காமல் பார்க்கிறார். முதுகின் சூடு வாய்க்கு ஓடிவர வர அங்கே நிறம் மாறுகிறது: முதலில் வைக்கோல் மஞ்சள், அது ஏறத்தாழ 230 பாகை. அப்புறம் பழுப்பு, 280 பக்கம் ஊதா, 300இல் நீலம். அவருக்கு வேண்டிய நிறம் வந்ததும் மொத்தத்தையும் தண்ணீரில் முக்கிவிடுகிறார். ஒரே காய்ச்சலில் குவென்ச்சிங்கும் முடிந்தது, டெம்பரிங்கும் முடிந்தது. துவைச்சல் இந்த முழு வேலைக்கான பெயர். ஆய்வகத்தில் இரண்டும் தனித்தனி உலை, தனித்தனி மதிப்பெண். கையேடு எழுதியவர் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ஆகவே முதல் படிக்குத் தோய்ச்சலை வைத்துக்கொண்டு, இரண்டாவதை 'விறைப்பிளக்கல்' எனலாமா?

---

> விறைப்பிளக்கல்

வேண்டாம் ஐயா. விறைப்பு என்பதை ஸ்டிஃப்னஸ் என்ற பொருளில் ஏற்கெனவே எழுதுகிறோம். அது யங் குணகத்தை, அதாவது இழுத்தால் பொருள் எவ்வளவு நீளாமல் எதிர்க்கிறது என்ற அளவைப் பொறுத்தது. டெம்பரிங் செய்தாலும் அந்தக் குணகம் அசையாதே! மாறுவது கடினமும் உடையும் தன்மையும். விறைப்பை வெட்டிவிட்டு 'இளக்கல்' மட்டும் வைத்துப் பாருங்கள்.

---

வைத்துப் பார்த்தேன். 'தோய்த்த எஃகு தெறிக்கும், இளக்கிய எஃகு வளைந்து கொடுக்கும்.' '300 பாகையில் ஒரு மணி நேரம் இளக்கு.' வாக்கியத்தில் நன்றாகவே உட்காருகிறது. இளகுதல் பிளாஸ்டிக்குக்கும் போகிறதே என்ற உறுத்தல் கொஞ்சம் உண்டு, இருந்தாலும் தாளிப்பதற்கு இது எவ்வளவோ மேல். மாணவரின் குறிப்பேட்டில் இதையே எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும்: கைப்பேசிக் கடை 'டெம்பர் கிளாஸ்' பக்கம் இந்தச் சொல்லைக் கொண்டுபோக வேண்டாம். கார்க் கண்ணாடியை 600 பாகைக்கு மேல் காய்ச்சிக் காற்றை வேகமாக ஊதிக் குளிர்விக்கிறார்கள், மேற்பரப்பு அழுத்தத்தில் இறுகிக்கொள்கிறது. அங்கே எதுவும் இளகவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதற்காக நாமும் அப்படி வைக்க வேண்டுமா என்ன? கண்ணாடிக்குத் தனி உரையாடல் இழை தொடங்குகிறேன்.