ஆர்.டி.ஓ. டெஸ்ட் இனி இல்லையா? ஏற்றத்தில் வண்டி பின்னால் போவதற்கும் வழி சொல்லுங்கள்

கோத்தகிரி கயல்:
வணக்கம். கார் ஓட்டப் பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) எடுத்துவிட்டேன், அடுத்து டெஸ்ட். டிரைவிங் ஸ்கூலில், "புது ரூல் வந்துடுச்சு, எங்க சர்ட்டிபிகேட் போதும், ஆர்.டி.ஓ. முன்னாடி ஓட்ட வேண்டாம்" என்கிறார்கள். நம்பலாமா?

இன்னொன்று, சமதளத்தில் நன்றாகவே ஓட்டுகிறேன். ஏற்றத்தில் முன்னால் பஸ் நின்றால்தான் கஷ்டம். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் போகிறது. பதறிக் கிளட்ச்சை விட்டால் ஆஃப் ஆகிவிடுகிறது.

குன்னூர் டிரைவர்:
நம்பாதீர்கள். 2024 ஜூன் 1 முதல் எல்லாம் மாறுகிறது என்று செய்தி பரவியபோது, மாற்றம் எதுவும் இல்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. உண்மையில் இருப்பது 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் படித்துத் தேறி, படிவம் 5பி என்ற சான்றிதழ் வாங்கியவருக்கு மட்டுமே டெஸ்டிலிருந்து விலக்கு. காருக்கு அங்கே 29 மணி நேரப் பயிற்சி, அதில் 21 மணி நேரம் ஓட்டிப் பழகவே. கார் பயிற்சிக்கே மையத்துக்கு ஒரு ஏக்கர் நிலம் வேண்டும். சாதாரண டிரைவிங் ஸ்கூல் தருவது படிவம் 5, அதற்கு விலக்கு கிடையாது. லைசென்ஸ் தருவது எப்போதும் ஆர்.டி.ஓ. அலுவலகம்தான். உங்கள் ஸ்கூலிடம் 5பி தருவீர்களா என்று நேராகக் கேளுங்கள்.

கூடலூர் அக்கா:
கயல், செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் போகாமல் மறுபடி எடுப்பது, டெஸ்டில் என்னென்ன பார்ப்பார்கள் என்று சொல்லும் மத்திய மோட்டார் வாகன விதி 15-லேயே இருக்கிறது. இறக்கத்தில் சட்டென்று கியரைக் குறைப்பதும் அதில் உண்டு. அதனால் மலைக்காரர்கள் இதை ஒதுக்கவே கூடாது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். கிளட்ச்சை மெதுவாக மேலே விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து, வண்டியின் மூக்கு சற்றே எழும்பும். அங்கேயே காலை அப்படியே வைத்துக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள், வண்டி முன்னால்தான் போகும். இது கைவந்ததும் பயம் தானாகப் போய்விடும். ஆனால் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே (ஹாஃப் கிளட்ச்) வண்டியை ஏற்றத்தில் தாங்கி நிற்காதீர்கள், கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகும். காலையில் ரோடு காலியாக இருக்கும்போது, பக்கத்தில் லைசென்ஸ் உள்ள பயிற்சியாளரை வைத்துப் பழகுங்கள். எல் போர்டு கட்டாயம்.

கோத்தகிரி கயல்:
ரொம்ப நன்றி அக்கா. எங்கள் வீட்டுக் காரில், ஏற்றத்தில் பின்னால் போகாமல் தானாகப் பிடிக்கும் ஹில் ஹோல்டு வசதி இருக்கிறது, ஸ்கூல் காரில் இல்லை. எதில் பழகுவது?

கூடலூர் அக்கா:
ஸ்கூல் காரில்தான். டெஸ்டுக்கு அதைத்தானே கொண்டுபோவீர்கள். ஹில் ஹோல்டு இரண்டொரு நொடிதான் பிடிக்கும், அதற்குள் கால் பழகாவிட்டால் அதிலும் பின்னால்தான் போகும்.

குன்னூர் டிரைவர்:
இறக்கத்துக்கும் ஒன்று: ஏறின கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பினால், கல்லட்டி மாதிரி இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி, இதையும் கேட்பார்கள்.

எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்ட், அது செல்லுபடியாவது ஆறு மாதம். தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். அதனால் கடைசி மாதம் வரை தள்ளாமல் இப்போதே அரசின் சாரதி இணையதளத்தில் ஸ்லாட் பாருங்கள்.