விற்காத பனையோலைக் குட்டான்களை ஏன் இழைத்துக்கொண்டிருக்கிறோம்?

கேள்வி (பரந்தன்):
ஒரு குட்டான் (சின்ன ஓலைப்பெட்டி) இழைத்து முடிய எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் போகின்றன. சந்தையில் பிளாஸ்டிக் கூடை அதைவிட மலிவு. ஆனாலும் கைவிட மனம் வரவில்லை. இழைத்ததை இந்தக் குழுவில் உங்களிடம் காட்டிய பிறகுதான் அது முடிந்ததாகவே தோன்றுகிறது. உங்களுக்கும் இப்படித்தானா?

பதில் (மாங்குளம்):
தங்கச்சி, எனக்கும் அப்படித்தான். 2008இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது அம்மம்மாவின் கடகங்களோடு (பெரிய ஓலைக்கூடைகள்), அவற்றின் விளிம்பைப் பனநாரால் பொத்தித் தைக்கும் முறையும் எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டது. நாரை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, ஓலையின் ஓரத்தை உள்நோக்கி மடித்த பிறகே பொத்த வேண்டும் என்று இங்குள்ள ஓர் அக்கா படங்களோடு விளக்கியிராவிட்டால், என் பெட்டிகள் இன்னும் வாய் விரிந்தே கிடந்திருக்கும். (வீட்டுக்காரர் அவற்றைக் கோழிக்கூடு என்பார்.)

பதில் (புதுக்குடியிருப்பு):
1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபை பயிற்சிகளை நடத்துகிறது. அவற்றின் நோக்கம் பெரும்பாலும் தொழில். பிசகிய பின்னலை அவிழ்க்காமலே காட்டி, எந்த இழையில் தவறினேன் என்று கூச்சமின்றிக் கேட்பதற்கு, பொழுதுபோக்காக இழைக்கும் நம்மைப் போன்றவர்களே வேண்டியிருக்கிறார்கள். குருத்தோலையா, அதற்கு அடுத்த சார்வோலையா நல்லது என்று ஒரு கிழமை வாதாட வேறு யார் வருவார்கள்?

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. நார் வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு விளிம்பின் படம் வரும்.