ஃபிளாப், ஸ்லாட், ஸ்பாய்லர், ஸ்டால்: கேபின் க்ரூ பயிற்சியில் வரும் குழப்பங்கள்

பயிற்சி_மாணவி:
கேபின் க்ரூ பயிற்சியில் விமான அடிப்படைப் பாடம் ஓடுகிறது. தூக்குவிசை, எடை, உந்துவிசை, இழுவிசை வரைக்கும் புரிந்துவிட்டது. இறக்கையில்தான் தடுமாற்றம். ஃபிளாப், ஸ்லாட், எய்லிரான், ஸ்பாய்லர் எல்லாம் படத்தில் ஒரே மாதிரி பலகையாகத் தெரிகின்றன. ஸ்டால் என்றால் இன்ஜின் நின்றுபோவதா? இறக்கைக்கு மேலே போகும் காற்று, கீழே போகும் காற்றோடு பின்விளிம்பில் சேர்ந்துகொள்ள வேகமாக ஓடுகிறது என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். சரியா? எங்கள் வேலைக்கு இதெல்லாம் எங்கே பயன்படும் என்றும் சொல்லுங்கள்.

ஜம்ப்சீட்:
படத்தை மூடிவிட்டு, எது எப்போது அசைகிறது என்று பாருங்கள். மனதில் தானாக நிற்கும்.

ஸ்லாட் (slat) இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும். ஃபிளாப் பின்விளிம்பில், உடற்பகுதியை ஒட்டி. மெதுவாகப் போகும்போதும் போதுமான தூக்குவிசை வேண்டும் என்பதால் டேக்ஆஃபுக்கு முன்பும் லேண்டிங்குக்கு முன்பும் இரண்டும் வெளியே நீளும். அப்போது கேபின் தரைக்கு அடியில் மோட்டார் ஓடுகிற ரீங்காரம் கேட்கும். எய்லிரான் இறக்கை நுனிப் பக்கம். ஒரு இறக்கையில் மேலே போனால் மற்றதில் கீழே போகும், விமானம் சாய்ந்து திரும்பும்.

ஸ்பாய்லர் இறக்கையின் மேல்பரப்பிலிருந்து எழும்பும் பலகை. அதன் வேலை தூக்குவிசையைக் கெடுப்பது. உயரம் குறைக்கும்போது ஓரளவு எழும், கேபின் லேசாக அதிரும். சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லாப் பலகைகளும் மொத்தமாக எழுந்து விமானத்தின் எடையைச் சக்கரங்கள் மேல் இறக்கும். எடை இறங்கினால்தான் பிரேக் நன்றாகப் பிடிக்கும். இறக்கை உடைந்துவிட்டது என்று பயணி பதறினால், பெரும்பாலும் அவர் பார்த்தது இதைத்தான்.

வாலில் எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும், ரடர் இடவலமாகத் திருப்பும்.

சத்தங்களையும் சேர்த்துப் படியுங்கள். மேலே கிளம்பிய சிறிது நேரத்தில் இன்ஜின் சத்தம் குறைந்து, விமானம் அமிழ்வதுபோல் வயிற்றில் தெரியும். டேக்ஆஃப் விசையிலிருந்து ஏறும் விசைக்குக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். ஏர்பஸ் ஏ320-ல் தரையில் இருக்கும்போது நாய் குரைப்பதுபோல விட்டுவிட்டு வரும் சத்தம் பி.டி.யூ (பவர் டிரான்ஸ்ஃபர் யூனிட்). ஒரு ஹைட்ராலிக் அமைப்பு தன் அழுத்தத்தால் இன்னொன்றுக்குக் கைகொடுக்கிறது. பழுது கிடையாது.

இறக்கைநுனி:
காற்று பின்விளிம்பில் சேர்ந்துகொள்கிறது என்ற அந்தக் குறிப்பை அடித்துவிடுங்கள். பல பாடநூல்களில் இருந்தாலும் தவறுதான். மேலே போகும் காற்று கீழ்க்காற்றோடு சேர்வதில்லை, அதை முந்திக்கொண்டு பின்விளிம்பைத் தாண்டிவிடுகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. மேல்பரப்பில் அழுத்தம் குறைகிறது, கீழே அதைவிட அதிகமாக இருக்கிறது. அந்த வித்தியாசம்தான் தூக்குவிசை.

ஸ்டால் ஆவது இறக்கை. எதிரே வரும் காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் எல்லை தாண்டினால், பல இறக்கைகளுக்கு அது சுமார் 15 டிகிரி, மேல்பரப்பில் ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு விலகும். தூக்குவிசை சரிந்துவிடும். இரண்டு இன்ஜினும் முழு விசையில் ஓடினாலும் இது நடக்கும். கம்ப்ரஸர் ஸ்டால் என்று இன்ஜினுக்குள் நடப்பது வேறு விஷயம்: வெடிபோல 'டமால்' சத்தம், சில சமயம் பின்னால் தீப்பிழம்பு.

இறக்கையில் ஒட்டிய உறைபனியை அலட்சியமாக நினைக்காதீர்கள். உப்புத்தாள் அளவு சொரசொரப்பு போதும், தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையும், இழுவிசை 40 சதவீதம் வரை கூடும். விமானம் வழக்கமான கோணத்துக்கு முன்பே ஸ்டால் ஆகும்.

வால்பகுதி:
எங்கே பயன்படும் என்ற கேள்விக்கு 1989-ல் நடந்த இரண்டு விபத்துகள் போதும். மார்ச் 10, கனடாவின் டிரைடன்: ஃபோக்கர் எஃப்28 இறக்கையில் பனி படிந்திருந்ததை கேபினில் பார்த்தவர்கள் இருந்தார்கள், காக்பிட்டுக்குச் சொல்லவில்லை. கிளம்பிய உடனே விழுந்தது, 24 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு ஜனவரி 8, இங்கிலாந்தின் கெக்வொர்த்: போயிங் 737-400 விமானத்தில் பழுதானது இடது இன்ஜின், விமானிகள் நிறுத்தியது வலது இன்ஜின். இடப்பக்கம் தீப்பொறி வந்ததைக் கேபினில் பலர் பார்த்தும் அந்தத் தகவல் முன்னே போகவில்லை. 47 பேர் இறந்துபோனார்கள்.

அதனால் சொல்லும்போது மூன்று விஷயம் இருக்கட்டும்: எந்தப் பக்கம், என்ன, இன்னும் நடக்கிறதா. "இடது இன்ஜின், பின்பக்கம் தீப்பிழம்பு, இன்னும் வருகிறது." இடம், வலம் எப்போதும் மூக்கைப் பார்த்து நிற்பவருடையது. பின்னோக்கிப் போட்ட ஜம்ப் சீட்டில் (க்ரூ உட்காரும் மடக்கு இருக்கை) உட்கார்ந்திருந்தால் உங்கள் வலது கைப்பக்கம்தான் விமானத்தின் இடது. பதற்றத்தில் மாறிவிடும், ஆகவே ஒவ்வொரு டேக்ஆஃபுக்கும் உட்கார்ந்ததும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள். 10,000 அடிக்குக் கீழே காக்பிட்டைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற விதி பாதுகாப்புத் தகவலைத் தடுப்பதற்கு இல்லை.

பயிற்சி_மாணவி:
மிக்க நன்றி. ஒன்றே ஒன்று: கூட்டம் குறைவான விமானத்தில் டேக்ஆஃபுக்கு முன் பயணிகளை இருக்கை மாறவிடக்கூடாது என்கிறார்களே, அதற்கும் விமானம் பறக்கும் விதத்துக்கும் சம்பந்தம் உண்டா?

ஜம்ப்சீட்:
ஆமாம், எடை மையம். யார் எந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் வால் ஸ்டெபிலைசரை (வாலில் உள்ள கிடைமட்டச் சிறகு) எவ்வளவு சாய்த்து வைப்பது என்று கணக்கிடுகிறார்கள். இருபது பேர் பின்னால் போய் உட்கார்ந்தால் மூக்கு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தூக்கும். மாற்ற வேண்டியிருந்தால் முதலில் கேப்டனிடம் கேளுங்கள்.