அம்மாவின் மனையில் ப்ரீஃபேப் வீடு: பில் மட்டும் போதுமா?

கேள்வி (திருவொற்றியூர் வாசகர்):
மீஞ்சூரில் அம்மா பெயரில் உள்ள மனையில், ஆலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் ப்ரீஃபேப் வீடு ஒன்றை என் சேமிப்பில் வாங்கி வைக்க எண்ணியுள்ளேன். இது கட்டடமல்ல, வெறும் பொருள்தான் என்றும், ஜிஎஸ்டி பில்லே உரிமைச் சான்று என்றும் விற்பவர் சொல்கிறார். டெக்சாஸில் வசிக்கும் என் அக்காவோ, அங்கு இத்தகைய வீட்டுக்கு அரசே உரிமை ஆவணம் தருவதாகக் கூறுகிறார். நாங்கள் மூன்று பிள்ளைகள். பின்னாளில் எங்களுக்குள் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

பதில் (பத்திர எழுத்தர், ராயபுரம்):
விற்பவர் சொல்வது பாதி உண்மை. லாரியில் இருக்கும்வரை அது பொருள். கான்கிரீட் அடித்தளத்தில் போல்ட் போட்டு நிலையாகக் குடியிருக்கத் தொடங்கினால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி நிலத்தோடு இணைந்த அசையாச் சொத்து என்ற வாதம் வலுவாகிவிடும். பிறகு அதை விற்க நேர்ந்தால், பத்திரப் பதிவைக் கட்டாயமாக்கும், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு குறுக்கே வரும். குடியிருப்பு என்பதால் உள்ளாட்சியின் அனுமதியையும் கேட்டுப் பெறுங்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று. பில் உங்கள் பெயரில், பட்டா அம்மா பெயரில். நிலம் ஒருவருக்கும் அதன்மேல் உள்ள வீடு மற்றொருவருக்கும் உரியதாக இருப்பதை நம் நீதிமன்றங்கள் ஏற்கின்றன; ஆனால் வில்லங்கச் சான்றில் உங்கள் வீடு தெரியவே தெரியாது. எனவே அம்மாவிடமிருந்து தான செட்டில்மென்ட் பத்திரமோ (மனையைத் தானமாக உங்கள் பெயருக்கு எழுதித் தருவது), ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரமோ எழுதி, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பில்லில் வீட்டின் வரிசை எண்ணையும் அளவையும் எழுதச் சொல்லுங்கள்.

பதில் (டெக்சாஸ்வாசி, பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்):
உங்கள் அக்கா சொல்வது சரியே. 1976 ஜூன் 15 முதல் அமெரிக்காவில் இத்தகைய வீடுகளுக்கு ஒரே மத்திய தர விதி உண்டு. வீட்டின் ஒவ்வொரு பகுதியிலும் எண்ணிட்ட சிவப்பு உலோகத் தகடு பதிந்திருக்கும். டெக்சாஸில் விற்பனை நடந்த 60 நாட்களுக்குள் மாநிலத் துறையிடம் உரிமை அறிக்கைக்கு (உங்கள் அக்கா சொன்ன ஆவணம் இதுதான்) விண்ணப்பிக்க வேண்டும். அசையாச் சொத்தாகக் கருத விரும்பினால், அந்த அறிக்கையின் சான்றிட்ட நகலை கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகத்தின் நில ஆவணங்களிலும் பதிய வேண்டும். வீட்டின் மேல் துறையில் பதிவான கடனும் வரிப்பாக்கியும் அதன் பதிவேட்டில் தெரியும் என்பதால், பழைய வீடு வாங்குபவர் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. மனை அம்மாவின் சொந்தக் கிரயம் (அவரே விலைக்கு வாங்கியது). செட்டில்மென்ட்டுக்கு அக்காவும் வந்து கையெழுத்திட வேண்டுமா?

பத்திர எழுத்தர்:
வேண்டியதில்லை. சொந்தக் கிரயம் என்றால் அம்மாவின் கையெழுத்தும் இரு சாட்சிகளும் போதும். இருந்தாலும் எழுதும் முன்பே அக்காவிடமும் மற்றவரிடமும் சொல்லிவிடுங்கள்.